பத்திரத்துக்குப் பிறகு

வீடு வாங்கப் போகிறவருக்கு யோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். வாசல் எந்தத் திசை, எந்த வங்கியில் வட்டி குறைவு, சென்ட் என்ன விலை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வாங்கிய பிறகு வரும் வேலைகளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பால் காய்ச்சிக் குடித்ததோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

என் மகன் இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் வீடு வாங்கினான். 1967-ல் திட்டமிட்டு உருவாக்கத் தொடங்கிய நகரம் அது; நம் நெய்வேலி டவுன்ஷிப்புக்குத் தம்பி வயது. சாவி வாங்கிய அன்று வீடியோவில் பேசினான்.

"பத்திரம் கைக்கு வந்துடுச்சாப்பா?" என்றேன்.

"பத்திரம்னு ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு அவன் விளக்கினான். அங்கே 2003 அக்டோபரிலிருந்து நில உரிமைச் சான்று என்று தாள் எதுவும் தருவதில்லையாம். அரசின் நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பதிவேட்டில் தவறு நேர்ந்து ஒருவர் நஷ்டப்பட்டால் பதிவுத் துறையே ஈடு கட்டும். நம் 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அப்படியில்லை. சார்பதிவாளர் பதிவது ஆவணத்தைத்தான். விற்றவருக்கு அந்த இடம் உண்மையிலேயே சொந்தமா என்பதற்கு அரசு ஜாமீன் நிற்காது. அதனால்தான் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது என்று பீரோ நிறைய அடுக்கி வைத்துக் காவல் காக்கிறோம்.

ஆனால் தாள் இல்லை என்பதால் அவனுக்கு வேலையும் இல்லை என்று ஆகிவிடவில்லை. முத்திரை வரிக் கணக்கை 14 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொண்டார். கரண்ட், கேஸ் மீட்டர்களைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் முகவரி மாற்றாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். கவுன்சில் வரிக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அந்த வரியை இன்றும் 1991-ம் ஆண்டு மதிப்பை வைத்தே போடுகிறார்கள். பழைய கணக்கைக் கட்டிக்கொண்டு அழுவது நாம் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். கடைசியாக வாக்காளர் பதிவு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன், காமன்வெல்த் நாட்டுக்காரன் என்ற முறையில் அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலுக்கே ஓட்டுப் போடலாம்.

நானும் ஒரு நாடு விட்டு நாடு போனவன்தான். என் பயணம் நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து பக்கத்து ஊரான வடக்குத்துக்கு. சுரங்க நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முழுக்கக் குழாய் ஒழுகினால் மெயின்டனன்ஸுக்குப் புகார் எழுதினோம், ஆள் வந்தது. தண்ணீர், கரண்ட், ரோடு, மரம் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. வீட்டு வரி ரசீது என்ன நிறம் என்று தெரியாமலே எனக்குத் தலை நரைத்தது. ஆனால் அந்த வீட்டுக்கு நான் யாரும் இல்லை. ஓய்வு பெற்றால் காலி செய்தாக வேண்டும். அதற்காகவே டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே, இந்திரா நகர் பக்கம் மனை வாங்கிப் போட்டவர்கள் எங்களில் ஏராளம்.

பெரிய புஞ்சையைக் கூறு போட்டு விற்ற மனை என்னுடையது. எனவே உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வேண்டும். அதற்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும். இ-சேவை மையம், வி.ஏ.ஓ., குறிஞ்சிப்பாடி தாலுகா ஆபீஸ். வீடு கட்டியதும் மின் இணைப்பு. ஊராட்சியில் வீட்டு வரி. பின்னாலேயே கேஸ், ரேஷன் கார்டு, ஆதார், பேங்க். அப்போது அலுத்துக்கொண்டேன். ஆனால் வரி கட்டிய பிறகு ஒரு மே தினத்தன்று கிராம சபைக்குப் போய், எங்கள் தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று எழுந்து கேட்டபோது, அதுவரை நான் எந்த ஊரிலும் அப்படிக் கேட்டதில்லை என்பது உறைத்தது. டவுன்ஷிப்பில் புகார் கொடுத்திருக்கிறேன். கேள்வி கேட்டதில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஒரு வீட்டுக்குப் பணம் கொடுப்பதால் நாம் அந்த ஊர்க்காரர் ஆவதில்லை. இந்த அலைச்சலில்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஆகிறோம் என்று இப்போது நினைக்கிறேன்.

இப்படிச் சொல்லும்போதே நாக்கு கூசுகிறது. எனக்குச் சோறு போட்ட சுரங்கம் இருக்கும் மண்ணுக்கும் ஒருகாலத்தில் பட்டா இருந்தது, கிஸ்தி ரசீது இருந்தது. அந்த மண்ணைக் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்கள் நம்மைவிட ஆழமாக அந்தந்த ஊர்க்காரர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காகக் கதிர் வரும் நெல்வயலில் பொக்லைன் இறங்கியது. கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்த நிலம் என்றது சுரங்க நிறுவனம். எங்கள் பயிர் என்றார்கள் விவசாயிகள். இந்தப் பக்கத்தில் மனை பார்க்க வருகிறவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்பதற்கு முன் "இங்க மைன்ஸ் வருமா சார்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் வில்லங்கச் சான்றில் வராது.

மகன் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. மில்டன் கீன்ஸில் அவன் தடையில்லாமல் வீடு வாங்கலாம், ஓட்டும் போடலாம். இங்கே வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தாலும் ஓட்டுப் போட நேரில் வந்து நிற்க வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியன் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பன் விட்டுப் போனால் வாரிசாகப் பெறலாம், அவ்வளவுதான். அவன் பிறந்த மண்ணில் ஒரு காணி புஞ்சை அவனுக்கு வேண்டுமென்றால் நான் வாங்கி வைத்துவிட்டுச் சாக வேண்டும்.

எங்கள் மனைக்குப் பின்னால் இருக்கும் முந்திரிக் கொல்லை விலைக்கு வருகிறது. என் பெயரில் வாங்கினால் மறுபடியும் உட்பிரிவு, மறுபடியும் சர்வேயர். "இந்த வயசுல இன்னொரு தடவை தாலுகா ஆபீஸா?" என்கிறாள் மனைவி. நான் இன்னும் முடிவு செய்யவில்லை. சர்வே நம்பருக்கு வில்லங்கம் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.