சங்கிலியில் இருந்த போர்வீரர்

 

 

ஒருவர் ராணுவத்தில் சேர்ந்து போருக்குப் போகிறார். உயிரோடு திரும்பி வருகிறார். ஆனால் அவருடைய மனம் திரும்பி வரவில்லை. தூக்கம் போய்விடுகிறது, குடி வந்துவிடுகிறது, கோபத்தில் யாரையோ அடித்துவிடுகிறார். சிறைக்குப் போகிறார். நேற்று வரை மாலை போட்டவர்கள் இன்று அவருடைய பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். உள்ளே இருக்கும் அந்த மனிதருடைய நோய்க்கு யார் பொறுப்பு? இன்று இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

இந்தக் கேள்வி இன்று அதிகம் பேசப்படுவது அமெரிக்காவில். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த நாடு நடத்திய போர்களில் நம் சகோதர சகோதரிகள் பட்ட துன்பம் நமக்குத் தெரியும். அந்த வருத்தம் நம் நெஞ்சில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. "ஹழ்ரத், அவர்களுக்காகவா மிம்பரில் பேசுகிறீர்கள்?" என்று யாரும் கேட்கலாம். ஏழைக்கும் அனாதைக்கும் அடுத்து, சிறைப்பட்டவருக்கும் உணவளிக்கும் நல்லோரை அல்லாஹ் சூரத்துத் தஹ்ரில் புகழ்கிறான். அந்த ஆயத்துக்கு விளக்கம் சொல்லும்போது கதாதா (ரஹ்) அவர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறார்கள்: அன்று முஸ்லிம்களிடம் கைதிகளாக இருந்தவர்கள் இணைவைப்பவர்கள்தாம். நேற்று நம்மை எதிர்த்து வாளேந்தியவருக்கே சோறு போடச் சொன்ன மார்க்கம் இது. கைதி என்று வந்துவிட்டால் அவர் எந்தப் படையில் இருந்தார் என்பது அடுத்த கேள்விதான்.

அமெரிக்க நீதித்துறை 2011-12ல் எடுத்த கணக்கெடுப்பில், அந்நாட்டுச் சிறைகளில் சுமார் 1,81,500 முன்னாள் படைவீரர்கள் இருந்ததாகத் தெரியவந்தது. மொத்தக் கைதிகளில் நூற்றுக்கு எட்டுப் பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், தங்களுக்கு மனநோய் இருப்பதாக மருத்துவத் துறையினர் முன்பே கூறியிருந்ததைச் சொன்னார்கள். பாதிப் பேர், சகோதரர்களே! இவர்களில் பெரும்பாலோர் ராணுவத்திலிருந்து நற்சான்றோடு வெளியே வந்தவர்கள்.

போர் தரும் இந்த மனக்காயத்துக்கு மருத்துவர்கள் ஒரு தனிப் பெயர் வைத்து, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் சேர்த்தது 1980ல்தான். வியட்நாம் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து! பட்டாசு வெடித்தால் தரையில் விழுந்து படுத்துக்கொள்வது, இறந்துபோன தோழன் இரவில் கனவில் வருவது, வீட்டுக்குள்ளேயே வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது. இப்படிப்பட்டவரைக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தால் என்ன ஆகும்? இரும்புக் கதவு அறையும் சத்தம், நள்ளிரவில் கூச்சல், அணையாத விளக்கு, தனிமை. நோயை வளர்ப்பதற்கென்றே கட்டிய இடம்போல் ஆகிவிடுகிறது.

முன்னாள் வீரர்களுக்கென்று அந்நாட்டில் பெரிய மருத்துவமனைகள் உண்டு. ஆனால் சிறைக்குள் போய்விட்டால், வைத்தியம் பார்ப்பது சிறைத்துறையின் பொறுப்பு என்று அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. கடுங்குற்றத்துக்காகச் சிறை சென்றவருக்கு 61ஆம் நாள் முதல் ஊனத்துக்கான உதவித்தொகையும் பெருமளவு வெட்டப்படுகிறது. விடுதலை நாள் நெருங்கும்போது ஊழியர்கள் உள்ளே போய்ப் பார்த்து, வெளியே வந்ததும் வீடு, வைத்தியத்துக்கு வழி செய்கிறார்கள். அது நல்ல காரியம். நடுவில் கழியும் ஆண்டுகளில்தான் மனிதர் உடைந்துபோகிறார். 2008ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ராபர்ட் ரஸ்ஸல் என்ற நீதிபதி இவர்களுக்கென்றே ஒரு தனி நீதிமன்றம் தொடங்கினார். சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாக நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சிகிச்சை. அதோடு, பக்கத்தில் துணைக்கு இன்னொரு முன்னாள் வீரர். பிறகு மற்ற மாநிலங்களிலும் இந்த முறை பரவியது.

நம்முடைய வரலாற்றைப் புரட்டினால், சங்கிலியில் இருந்த ஒரு போர்வீரர் அங்கேயும் இருக்கிறார். ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த அபூ மிஹ்ஜன் (ரலி) அவர்கள்.

பெரிய வீரர், கவிஞர். ஹிஜ்ரி 13ல் நடந்த ஜிஸ்ர் போரில் முஸ்லிம் படை தோற்றுப்போனது. அபூ மிஹ்ஜனின் குலத்தவரும் படைத்தளபதியுமான அபூ உபைத் அவர்கள் யானையின் காலடியில் நசுங்கி ஷஹீதானார்கள். அந்தக் களத்தில் அபூ மிஹ்ஜனும் இருந்தார். அதைக் கண்ணால் பார்த்ததால்தான் அவர் குடித்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய குடிப்பழக்கம் பழையது. பலமுறை தண்டனை கொடுத்தும் விடமுடியவில்லை.

காதிஸிய்யா போர் நடந்தபோது தளபதி ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அவரைச் சங்கிலியில் பூட்டி வைத்திருந்தார்கள். ஸஅத் (ரலி) அவர்களுக்கும் உடம்பெல்லாம் கொப்புளம், குதிரையில் உட்கார முடியவில்லை. கோட்டை மாடியிலிருந்து பார்த்தபடி போரை நடத்தினார்கள். கீழே ஓர் அறையில் காலில் விலங்கோடு அபூ மிஹ்ஜன். குதிரைகளின் சத்தம் கேட்கிறது, தோழர்களின் குரல் கேட்கிறது, எழுந்து போக முடியவில்லை. எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார்! ஸஅத் அவர்களின் மனைவியிடம் கெஞ்சினார்: என்னை அவிழ்த்துவிடுங்கள், உயிரோடு இருந்தால் நானே திரும்பி வந்து விலங்கைப் போட்டுக்கொள்கிறேன். அந்த அம்மையார் அவருடைய குரலில் இருந்த உண்மையைக் கேட்டார்கள். அவிழ்த்துவிட்டார்கள். ஸஅத் அவர்களின் பல்கா என்ற குதிரையில் ஏறிப் போனார்.

மாடியிலிருந்து ஸஅத் (ரலி) அவர்களுக்கு ஒரே வியப்பு. பாய்ச்சல் பல்காவுடையது மாதிரி இருக்கிறது, ஈட்டி வீச்சு அபூ மிஹ்ஜனுடையது மாதிரி இருக்கிறது, ஆனால் அவர்தான் விலங்கில் இருக்கிறாரே! போர் முடிந்தது. அபூ மிஹ்ஜன் தப்பித்து ஓடவில்லை. வந்தார், தானே காலை விலங்குக்குள் வைத்தார். விஷயம் தெரிந்ததும் ஸஅத் (ரலி) அவர்கள், இனி இவரைக் குடிக்காக அடிக்கமாட்டேன் என்றார்கள். அபூ மிஹ்ஜனும், அப்படியானால் நானும் இனிக் குடிக்கமாட்டேன் என்றார். அறிவிப்புகளுக்கிடையே சிறு வேறுபாடுகள் உண்டு, சம்பவத்தின் சாரம் இதுதான்.

கசையடி பலமுறை கிடைத்தும் விடாததை, ஒரு நம்பிக்கை கிடைத்ததும் விட்டார். குற்றத்துக்குத் தண்டனை வேண்டாம் என்று இதிலிருந்து சட்டம் எடுத்துவிடாதீர்கள். அவருடைய குற்றம் உண்மை, அவருடைய தியாகமும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை. அந்த அம்மையாருக்கும் ஸஅத் அவர்களுக்கும் இரண்டும் சேர்ந்தே தெரிந்தது.

யூசுஃப் (அலை) அவர்களின் சிறையையும் பாருங்கள். இரண்டு இளைஞர்கள் கலங்கவைக்கும் கனவைச் சொல்கிறார்கள். ஒருவருடைய தலையிலிருந்து பறவைகள் ரொட்டியைக் கொத்தித் தின்கின்றன. யூசுஃப் நபி அவர்களே அநியாயமாக உள்ளே இருப்பவர்கள். என் கவலையே பெரிது என்று சொல்லவில்லை. முழுவதையும் காதுகொடுத்துக் கேட்டார்கள். அமெரிக்காவில் சில சிறைகளில் முன்னாள் வீரர்களை ஒரே பகுதியில் வைக்கிறார்கள். இரவில் அலறி எழுபவரை, அதே அலறலை அறிந்தவர் பக்கத்திலிருந்து கேட்பார் என்பதற்காகத்தான். ஆனால் யூசுஃப் (அலை) அவர்களிடம் ஆறுதல் பெற்று வெளியே போனவர் என்ன செய்தார்? மறந்துவிட்டார். பல ஆண்டுகள் மறந்துவிட்டார்.

"ஈமான் இருந்தால் மனநோய் வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்களே வெளுத்துப்போயின. அவர்கள் நபி. இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

வீரர்களுக்கு இன்னொரு நோயும் உண்டு. பயத்தால் வருவதல்ல, தான் செய்ததை நினைத்து வருவது. சுட்டது யாரை, அந்த வீட்டில் குழந்தை இருந்ததா என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். இதற்கு மாத்திரை மட்டும் போதாது. தொண்ணூற்றொன்பது கொலை செய்தவரின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. உனக்கு மன்னிப்பே இல்லை என்றார் ஒரு துறவி. நூறாவது கொலை அவராகவே ஆகிவிட்டார்! அடுத்துச் சந்தித்த ஆலிம், தவ்பாவின் கதவு திறந்திருக்கிறது என்றார். அத்தோடு நிறுத்தவில்லை, இந்த ஊரைவிட்டு நல்லவர்கள் வாழும் ஊருக்குப் போ என்று வழியும் காட்டினார். சிறைக்குள் போகும் இமாம்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இதைவிடச் சிறந்த பாடத்திட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதின் வஸீர் அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சிறைகளில் கூட்டமும் கடுமையும் அதிகம், நோய் வராமல் இருக்காது, அவர்களால் வெளியே வந்து மருத்துவரைப் பார்க்க முடியாது. ஆகவே மருத்துவர்கள் தினமும் மருந்துகளோடு உள்ளே போகவேண்டும் என்பது உத்தரவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல சிகிச்சை இருக்கவேண்டும் என்கிறது. உங்கள் குடும்பத்தில் யாராவது உள்ளே இருந்து, பேச்சிலோ தூக்கத்திலோ மாற்றம் தெரிந்தால், மனுப் பார்க்கப் போகும்போது சிறை மருத்துவ அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். வக்கீலிடமும் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் வீட்டில் யாரிடமும் பேசாமல் இருந்தால், ஜின் சேட்டை என்று ஓதிப்பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஓதுங்கள், மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

தொழுகை முடிந்ததும், சிறையில் உறவினர் இருப்பவர்கள் தயங்காமல் என்னிடம் வந்து பேசுங்கள். பெயரைக்கூடச் சொல்லவேண்டாம்.

யா அல்லாஹ்! சிறைகளில் தூக்கமின்றிக் கிடப்பவர்களுக்கு நிம்மதியைக் கொடு! போரில் உடைந்த உள்ளங்களுக்கும், போரால் உடைந்த ஊர்களுக்கும் ஷிஃபாவைக் கொடு! வாசலில் காத்திருக்கும் அவர்களின் தாய்மாருக்கும் மனைவி மக்களுக்கும் பொறுமையைக் கொடு! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!