மாவடுவும் கடலும்

ஒரு நாடு தன் சொந்தப் பிள்ளைகளுக்காக எழுதிக்கொண்ட புத்தகத்தைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று வரவர உறுதியாகத் தோன்றுகிறது. அயல்நாடுகளை அறிமுகம் செய்வதற்கென்றே தயாராகும் புத்தகங்களில் தலைநகரம் இருக்கும், கொடி இருக்கும், எரிமலையின் படம் இருக்கும். அந்த ஊர்ப் பிள்ளை மத்தியானம் என்ன சாப்பிட்டது என்பது மட்டும் இருக்காது.

*

தெத்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’ ஜப்பானில் 1981இல் வெளிவந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் கொண்டுவந்தது. கோபயாஷி என்பவர் 1937இல் டோக்கியோவில் தொடங்கிய டோமோயி என்ற சின்னப் பள்ளியின் கதை. ஓடி ஓய்ந்த ரயில் பெட்டிகள்தான் அங்கே வகுப்பறை. மதியச் சாப்பாட்டுக்குத் தலைமையாசிரியர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார்: டப்பாவில் கடலிலிருந்து ஏதாவது இருக்க வேண்டும், மலையிலிருந்து ஏதாவது இருக்க வேண்டும். அவர் மனைவி இரண்டு பாத்திரங்களோடு கூடவே வருவார். எந்தப் பிள்ளைக்கு எது இல்லையோ அதை எடுத்து வைப்பார்.

வடக்கு உத்திர வீதியில், எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பெண் இதைச் சத்தமாகப் படித்தாள். நாலாம் வகுப்பு. படித்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“நம்மாத்துல கடல்லேருந்து என்ன மாமி இருக்கு?”

மீன் புழங்காத வீடு. அவள் டப்பாவில் தயிர்சாதமும் மாவடுவும். “உப்பு இருக்கேடி” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. “வடு மலையிலேருந்து வரதுன்னு பாட்டி சொல்லுவா. அப்போ ரெண்டும் ஒரே ஜாடியில இருக்கு!”

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. துவரம்பருப்பு எங்கிருந்து, பெருங்காயம் எங்கிருந்து, கடுகு எங்கிருந்து என்று சமையலறை முழுக்கத் துளைத்தாள். ஜப்பானைப் பற்றி நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. அங்கே பிள்ளைகள் கடற்பாசி சாப்பிடுகிறார்கள் என்பது மட்டும் அவளுக்கு அதன்பின் விநோதமாகத் தெரியவில்லை. அதுவும் ஒரு வீட்டுச் சாப்பாடு, அவ்வளவுதான்.

*

அதே புத்தகத்தில் இன்னோர் இடம். பள்ளிக்குப் புதிதாக ஒரு ரயில் பெட்டி வரப்போகிறது. தண்டவாளமே இல்லாத பள்ளிக்குள் அது எப்படி வரும்? பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் இராத்திரி பள்ளியிலேயே தங்கிவிடுகிறார்கள். டிராக்டர் இழுத்து வருகிறது; பெரிய உருளைக் கட்டைகள் மேல் உருட்டி இறக்குகிறார்கள்.

இந்தப் பக்கத்தைப் பொன்மலையில் படிக்க வேண்டும். 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை அங்கே வந்ததிலிருந்து, பெட்டியும் எஞ்சினும் பழுதுபார்ப்பதே சோறு போடும் தொழிலாக இருக்கிற ஊர். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே கட்டிக் கொடுத்த இடம். அப்பாவின் கையில் கிரீஸ் வாசனையோடு வளர்கிற ஒரு பிள்ளைக்கு அந்த இராத்திரியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

*

என் தலைமுறைக்கு அயல்நாடு என்றால் மாஸ்கோ. முன்னேற்றப் பதிப்பகம், பிறகு ராதுகா பதிப்பகம் என்று அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த புத்தகங்கள். சோவியத் அரசே செலவை ஏற்றதால் விலை மிகக் குறைவு. காகிதம் கனமாக இருக்கும், படங்கள் வண்ணத்தில். அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ நா. முகம்மது செரீபின் தமிழில் வந்தது. அதில் ஒரு பையன் இராக்காவலாளி ஆக ஆசைப்படுவான், பிறகு ஐஸ்கிரீம் விற்க, பிறகு ரயில் பெட்டிகளை இணைக்கிற ஆளாக. இதெல்லாம் நடக்கிற ஊரில் பனி பெய்தது. சித்திரை வெயிலில் அதைப் படித்த எங்களுக்கு அந்தப் பையன் மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. பனிதான் ஆச்சரியமாக இருந்தது.

1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. அந்த வரத்தும் நின்றது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓர் அரசின் செலவில் வந்த புத்தகங்கள் அவை. அந்த அரசு மறைத்த சிறைகளையும் முகாம்களையும் பற்றி அவற்றில் ஒரு வரியும் கிடையாது. பிள்ளை வளர்ந்தபின் பெரியவர்கள் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் சொல்லும்போது, அங்கே துன்பப்பட்டவர்களும் இப்படி ஐஸ்கிரீமுக்கு ஆசைப்பட்ட பிள்ளைகளாய் இருந்தவர்கள் என்று அதற்குப் புரியும். அந்த அறிமுகத்தை வேறெதுவும் தந்திருக்காது.

*

1945இல் விமானங்கள் குண்டு வீசியதில் டோமோயி பள்ளி எரிந்துபோனது. ரயில் பெட்டிகளும் எரிந்தன. உலகப் போர் என்று பாடப்புத்தகத்தில் வருவது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆண்டுக் கணக்கு. பள்ளி எரிந்ததைப் படித்த அன்றைக்கு அவள் கேட்டது: “அந்த மாமியோட ரெண்டு பாத்திரம் என்ன ஆச்சு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. சாப்பாட்டிலிருந்து தொடங்கியவள் தானாகவே போர் வரைக்கும் வந்துவிட்டாள். ஒற்றுமையைக் கண்டு மகிழ்வதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர்களுக்கு நேர்ந்தது நமக்கு நேரவில்லை. அந்த வேறுபாட்டின் முன்னால் ஒரு பிள்ளை சற்று நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

*

புத்தகத் திருவிழாவுக்கோ நூலகத்துக்கோ பிள்ளையோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அயல்நாட்டுப் புத்தகம் என்றால் அட்டையை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். நின்ற இடத்திலேயே நாலு பக்கம் படித்துப் பாருங்கள். அதற்குள் ஒரு பிள்ளைக்குப் பசிக்கிறதா, யாராவது அதைத் திட்டுகிறார்களா, அது எதற்காவது ஏங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுங்கள். வீட்டுக்கு வந்து பாடம் நடத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.