பறித்த மலர் யாருக்குரியது?

சைவ மக்களின் வாழ்விலே மலர் இடம்பெறாத மங்கல நிகழ்வு இல்லை. திருமணமாயினும் புதுமனை புகுதலாயினும் ஏடு தொடக்கலாயினும் நிறைகுடத்தின் அருகே ஒரு தட்டில் பூ இருக்கும். மனிதன் இவ்வுலகை விட்டு நீங்கும் வேளையிலும் அவனது உடலின்மீது மலரே சாத்தப்படுகின்றது. தொடக்கம் முதல் முடிவு வரை உடன்வரும் இம்மலர் நாள்தோறும் விடியற்காலையில் வீட்டு முற்றத்திலே மலர்ந்து நிற்கின்றது.

கிணற்றடியில் நீராடிவிட்டுப் பூக்கூடையுடன் முற்றத்தில் இறங்கும் இல்லத்தரசி செவ்வரத்தை, நந்தியாவர்த்தம், அலரி, மல்லிகை எனக் கிடைத்தவற்றைக் கொய்கின்றார். ஒரு பங்கு கோயிலுக்கு, ஒரு பங்கு வீட்டிலுள்ள சுவாமி அறைக்கு. எஞ்சியவற்றுள் இரண்டொன்றை விறாந்தை மேசையில் இருக்கும் பூச்சாடியில் வைக்கின்றார். போவோர் வருவோர் பார்த்து மகிழ்கின்றனர். இது நாள்தோறும் நடப்பதுதான். ஆயினும் இதனுள்ளே ஆராய வேண்டிய ஒரு வினா உண்டு. இறைவனுக்கு ஆகவேண்டிய மலரை மனிதர் தம் கண்ணின் மகிழ்ச்சிக்காக வீட்டில் வைப்பது முறையாகுமா? பறித்த மலர் உண்மையில் யாருக்குரியது?

இறைவனுக்கென ஆன மலர்

மலரை இறைவனுக்கே உரியதாகக் கொள்ளும் உறுதியைப் பெரியபுராணத்திலே காணலாம். பல்லவ மன்னராகிய கழற்சிங்க நாயனார் தமது பட்டத்தரசியுடன் திருவாரூர்த் திருக்கோயிலை வழிபடச் சென்றார். அங்கே பூமண்டபத்தின் பக்கத்தில் விழுந்து கிடந்த ஒரு மலரை அரசியார் எடுத்து முகர்ந்தார். அதனைக் கண்ட செருத்துணை நாயனார் அவரின் மூக்கை அரிந்தார். செய்தியை அறிந்த மன்னரோ, மலரை எடுத்த கையே முதலில் தண்டிக்கப்பட வேண்டியது எனக் கூறி அக்கையைத் துணித்தார்.

இக்காலத்தில் இவ்வரலாற்றைப் படிப்போருக்கு அத்தண்டனை மிகக் கொடியதாகத் தோன்றும். சேக்கிழார் பெருமான் இதனை வீட்டுக்கு வீடு பின்பற்ற வேண்டிய சட்டமாகக் கூறவில்லை. தம் உறவையும் அரச பதவியையும் பொருட்படுத்தாத வன்றொண்டின் வரலாறாகவே கூறினார். அதிலிருந்து கொள்ளத்தக்க நீதி ஒன்று உண்டு. அந்த மலர் ஏற்கெனவே இறைவனுக்கென ஒதுக்கப்பட்டது. ஒருவருக்கென ஆன பொருளை மற்றொருவர் தம் இன்பத்துக்காக எடுத்துக்கொண்டார் என்பதே அங்கு குற்றமாயிற்று. மலரின் மணத்தை நுகர்வதே பாவம் என்பது அதன் பொருளன்று.

ஸ்ரீவில்லிபுத்தூரிலே நிகழ்ந்த ஆண்டாளின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும். பெரியாழ்வார் பெருமாளுக்கெனத் தொடுத்த மாலையை அவரின் மகளார் தாம் முதலில் சூடி அழகு பார்த்தார். தந்தையார் அதனை அறிந்து வருந்தினார். பெருமாளோ அவர் சூடிய மாலையையே விரும்பி ஏற்றார் என்பது வைணவ மரபு. இரண்டு வரலாறுகளிலும் இறைவனுக்குரிய மலரை ஒரு பெண் முதலில் நுகர்ந்தார். ஒன்று குற்றமாயிற்று, மற்றொன்று பக்தியாயிற்று. செயல் ஏறக்குறைய ஒன்றே. அச்செயலின் பின்னே இருந்த மனம் வேறு. ஆகவே மலர் எங்கே வைக்கப்பட்டது என்பதைவிட, எத்தகைய மனத்தோடு அது எடுக்கப்பட்டது என்பதே முதன்மையானது.

மேலும், எல்லாப் பூக்களும் பூசைக்கு ஆவதில்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள் (1822–1879) தமது சைவ வினாவிடையிலே பழம்பூ, உதிர்ந்த பூ, அரும்பு, புழுக்கடியுண்ட பூ முதலியவற்றை விலக்கியுள்ளார். அவ்வாறு விலக்கப்பட்ட பூவும் அழகற்றதன்று. காற்றில் உதிர்ந்த நல்ல பூக்களை ஒரு சிறுமி பொறுக்கிக் கிண்ணத்து நீரிலே மிதக்கவிட்டு மகிழ்ந்தால் இறைவனுக்குரிய எதுவும் குறைந்துவிடுவதில்லை. அவனுக்குக் கொடுத்தபின் எஞ்சியதை அவன் தந்ததாகவே எண்ணி அனுபவிப்பது இல்லறத்தாருக்கு உரியது.

செடியும் ஓர் உயிரன்றோ

இரண்டாவது வினா இதனினும் ஆழமானது. உயிருள்ள செடியிலிருந்து பூவைக் கொய்வதே தகுமா? தாயுமான சுவாமிகள் பூசைக்கு மலர் எடுக்கச் சென்றபோது பனி படிந்த அம்மலரினுள்ளே இறைவனே இருக்கக் கண்டு, அதனைப் பறிக்க மனம் ஒருப்படவில்லை எனப் பாடியுள்ளார். அது ஞானியரின் நிலை.

சைவ நூல்கள் புறப்பூசைக்குப் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவர்த்தம், பாதிரி, நீலோற்பலம், அலரி, செந்தாமரை என்னும் எட்டு மலர்களைக் கூறும். இவற்றுள் நீலோற்பலம் இலங்கையின் தேசிய மலராகவும் விளங்குகின்றது. அந்நூல்களே அகப்பூசைக்கும் எட்டு மலர்களைக் கூறுகின்றன. அவை கொல்லாமை, ஐம்பொறி அடக்கல், பொறுமை, இரக்கம், அறிவு, மெய், தவம், அன்பு என்பன. இவ்வரிசையிலே முதலாவதாக வைக்கப்பட்ட மலர் கொல்லாமை என்பது சிந்திக்கத்தக்கது. புறத்திலே பூப்பறிக்கச் செல்லும் கை, அகத்திலே இந்த முதல் மலரை ஏந்திச் செல்ல வேண்டும்.

பூவைக் கொய்வதால் செடி இறந்துவிடுவதில்லை. மல்லிகையும் றோசாவும் கொய்யக் கொய்ய மேலும் அரும்பு கட்டுவதைச் செடி வளர்ப்போர் அறிவர். ஆனால் பூவுக்காகக் கொப்பை முறிப்பதும், எட்டாத கிளையைக் கொக்கத்தடியால் இழுத்துக் கிழிப்பதும், ஒரு பூவும் மிஞ்சாமல் வழித்து எடுப்பதும் வேறு. செடியில் நிற்கும் பூவிலே தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பங்கு உண்டு. காய்க்கும் மரமாயின் நாளைய கனிக்கும் அதிலே பங்கு உண்டு. திருப்புகலூரிலே முருக நாயனார் விடியுமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் மலரும் பருவம் அறிந்து கொய்து மாலை தொடுத்தார். பருவம் அறிந்து கொய்வதும் ஓர் இரக்கமே.

அயலவரின் வேலிப்பூ

பல கிராமங்களில் வழக்கமாக நடக்கும் ஒரு செயல் இங்கே கூறப்பட வேண்டியது. விடியுமுன் தெருவால் செல்வோர் அயலவரின் வேலிக்கு மேலாகக் கையை நீட்டிப் பூப்பறிக்கின்றனர். வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்க்கும்போது செடி வெறுமையாக நிற்கின்றது. கேட்டால், “சுவாமிக்குத்தானே” என்ற விடை வருகின்றது.

அச்செடிக்கு நீரூற்றிய முதியவர் தமது பூவைத் தாமே இறைவனுக்குச் சாத்த எண்ணியிருந்தார். அந்த எண்ணத்தைப் பறித்து வேறொருவர் சாத்துகின்றார். கழற்சிங்க நாயனார் வரலாற்றில் குற்றமாயிருந்தது எதுவோ அதுவே இங்கும் நிகழ்கின்றது. ஒருவருக்கென ஆன பொருள் கேளாமல் எடுக்கப்படுகின்றது. பிறர் பொருளைக் களவினால் கொள்வோம் என உள்ளத்தால் நினைப்பதும் தீது என்று திருவள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் உரைத்தார். பெறுபவர் இறைவன் என்பதால் களவு தானமாகிவிடாது. இறைவனுக்கு ஒரு பச்சிலையே போதும் எனத் திருமூலர் அருளியிருக்க, பிறர் மனம் நோகப் பெற்ற கூடை நிறைந்த பூ அவனுக்கு எதற்கு?

படலையில் நின்று “அம்மா, இரண்டு பூ எடுக்கலாமோ?” என்று ஒரு வார்த்தை கேட்பவருக்கு இல்லை என்பவர் அரிது. அந்த ஒரு வார்த்தையால் களவாக இருந்தது கொடையாகின்றது. கொடுத்தவருக்கும் புண்ணியம் சேர்கின்றது.

எடுத்தவரின் கடமை

கொய்த மலரைப் பேணுவதும் கொய்தவரின் கடமையாகும். வெயில் ஏறுமுன் கொய்த பூவின் காம்பிலே நீர் நிறைந்திருப்பதால் அது நெடுநேரம் வாடாது. காம்பின் அடியைச் சாய்வாக வெட்டி உடனே நீரில் வைத்தல் வேண்டும். நீருள் அமிழும் இலைகளை நீக்காவிடின் அவை அழுகி நீரைக் கெடுக்கும். கனிந்த வாழைப்பழம், மாம்பழம் முதலியவற்றின் அருகே பூச்சாடியை வைத்தலாகாது. பழங்கள் கனியும்போது வெளிவிடும் ஒருவகை வாயு பூக்களை விரைவில் வாடச் செய்யும். நிறையப் பூக்களை நெருக்கித் திணிப்பதைவிட, ஒவ்வொன்றும் தெரியுமாறு சிலவற்றை வைப்பதே அழகு. செவ்வரத்தை ஒருநாட் பூ. எவ்வளவு பேணினும் மாலையில் சுருங்கிவிடும். அதனைச் சாடிக்கு எடுப்பதைவிடக் காலைப் பூசைக்குச் சாத்துவதே பொருத்தம். அந்தூரியம் பல நாள் நிற்கும். அது மேசைக்கு ஏற்றது.

நீரை மாற்ற மறப்பது சிறிய பிழை போலத் தோன்றும். 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு தேங்கிய தெளிந்த நீரிலே முட்டையிடும். பூச்சாடியின் நீரும் அதற்குப் போதும். ஒரு வாரமளவில் முட்டை நுளம்பாகிவிடும். முட்டைகள் சாடியின் உட்சுவரில் ஒட்டியிருப்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறையேனும் நீரை ஊற்றிவிட்டு உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். ஒரு வீட்டின் அழகு அயல்வீட்டுக் குழந்தையின் காய்ச்சலாக மாறுமாயின் கொல்லாமை என்னும் முதல் மலர் அங்கே வாடிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இத்தொல்லைகளை எண்ணிச் சிலர் பிளாஸ்ரிக் பூக்களை வாங்கி வைக்கின்றனர். அவை வாடுவதில்லை; ஆனால் தூசி படிந்து, யாரும் பாராத பொருளாகக் கிடக்கின்றன. வாடும் பூவே மனிதரை நாள்தோறும் தன்னருகே அழைக்கின்றது. காலையில் மலர்ந்தது மாலையில் குவிவதைப் பார்ப்பவருக்கு யாக்கை நிலையாமை தானே விளங்கும். இந்நாட்டுப் பௌத்த மக்களும் புத்தருக்கு மலர் வைக்கும்போது, இம்மலர் வாடுவது போல இவ்வுடலும் அழியும் எனச் சிந்திக்கின்றனர். வாடிய பூவைக் குப்பையோடு எறியாமல் செடியின் அடியில் இட்டால் அது உரமாகி மீண்டும் பூவாகும்.

பூவுக்கு விலக்கான கை உண்டோ

இறுதியாக, எளிதில் எவரும் பேசாத ஒரு விடயம் உண்டு. கணவரை இழந்த பெண்ணுக்குப் பூ ஆகாது என்னும் வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கின்றது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற யுத்தத்திலே கணவரை இழந்த பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் பலர். முற்றத்துப் பூமரங்களுக்கு அவர்களே நீரூற்றுகின்றனர். ஆயினும் மங்கல நிகழ்வு வந்தால் பூத்தட்டின் அருகே வராமல் ஒதுங்கி நிற்கின்றனர். மேசையில் ஒரு பூ வைத்தாலும் “இவளுக்கு ஏன் இது?” என்று கேட்போர் உண்டு.

இதற்கு விடை சைவத்தின் உள்ளேயே இருக்கின்றது. திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த சேனாதிபதியாகிய கலிப்பகையார் போர்க்களத்திலே உயிர் துறந்தார். பெற்றோரும் மறைந்தனர். உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார் தம்பியாருக்காக உயிர் தாங்கினார். பின்னர் திருவதிகை வீரட்டானத்திலே திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, மலர் கொய்து மாலை தொடுத்து இறைவனுக்குத் தொண்டு செய்தார். போரிலே தமக்கு உரியவரை இழந்த பெண்ணின் கையால் தொடுத்த மாலையைச் சிவபெருமான் விலக்கவில்லை. அவரின் வேண்டுதலுக்கு இரங்கியே தம்பியாரை ஆட்கொண்டார். அத்தம்பியாரே திருநாவுக்கரசு நாயனார். அக்கைகள் பூவுக்கு ஆகாதவை என ஊர் ஒதுக்கியிருந்தால் சைவ உலகம் எதனை இழந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழும் தாயொருவர் தம் மேசையில் ஒரு நந்தியாவர்த்தத்தை வைத்துப் பார்த்திருப்பாராயின் அதுவும் இறைவன் அவருக்குத் தந்த ஆறுதலே. அனிச்சப்பூ முகர்ந்தால்தான் வாடும், விருந்தினரோ முகம் மாறிப் பார்த்தாலே வாடுவர் என்றார் வள்ளுவர். விருந்தினரைவிட, வீட்டிலும் கோயிலிலும் ஒதுக்கப்பட்டவரின் மனம் இன்னும் விரைவில் வாடும். அவர்களையும் முகம் மலர்ந்து அழைத்துப் பூத்தட்டைக் கையிற் கொடுப்பதே பெரிய மலர்ப்பூசை.

ஆகவே பறித்த மலர் யாருக்குரியது என்னும் வினாவுக்கு விடை இதுவே. மலர் முழுவதும் இறைவனுக்குரியது. மனிதர் அதனை அவனிடமிருந்து சிறிது நேரம் பெற்றவர் மாத்திரமே. கேட்டுப் பெற்று, அளவாய் எடுத்து, தூய்மையாய்ப் பேணி, எவருக்கும் மறுக்காமல் பகிர்ந்தால், விறாந்தை மேசையில் இருக்கும் ஒரு பூவும் அவன் திருவடியில் வைத்த பூவே ஆகும். அத்தகைய மனம் அடியார் எல்லோர்க்கும் வாய்க்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.