விருந்தினர்க்கும் ஓர் அறம்

திருப்பாற்கடலில் அறிதுயில் அமர்ந்த எம்பெருமானை வழிபடும் நமக்குக் கடல் என்பது வெறும் உப்புநீர்ப் பரப்பன்று. அது அவன் பள்ளிகொண்ட இடம், திருமகள் பிறந்தகம். ஆகவேதான் மாசி மகத்தன்று திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதிப் பெருமாள் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுகின்றார். அடியார்களும் குடும்பத்தோடு அங்கே கூடுகின்றனர். விழா நாள்களில் மட்டுமா? கோடை விடுமுறையிலும், காணும் பொங்கலன்றும், புழுக்கம் மிகுந்த மாலைகளிலும் சென்னை நகரத்து மக்கள் நாடிச் செல்வது கடற்கரையையே. தாய்தந்தையர், குழந்தைகள், பாட்டனார் பாட்டிமார் எல்லோரும் மணலில் அமர்ந்து ஒன்றாக உண்டு களிப்பது இந்நகர வாழ்வின் சிறந்த இன்பங்களுள் ஒன்று. அதில் குற்றம் காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆயினும் அவ்விடத்தே ஒரு தர்ம விசாரம் எழுகின்றது. விருந்தினரைப் போற்றுவது இல்லறத்தானுக்குரிய தலையாய கடமை என்று நம் முன்னோர் எங்கும் வற்புறுத்தியுள்ளனர். திருக்குறளில் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. விருந்தளிப்பவனுடைய அறத்தை இவ்வளவு விரித்துரைத்த நாம், விருந்தினனாகச் செல்பவனுடைய அறத்தைப் பற்றி எவ்வளவு சிந்தித்திருக்கின்றோம்? அழையாமலே ஒருவர் வாசலில் சென்று நிற்கும்போது நமக்குரிய ஒழுக்கம் யாது?

இக்கேள்விக்கு ஊரூர் ஒல்காட் குப்பத்தைக் காட்டிலும் பொருத்தமான உரைகல் கிடைப்பது அரிது.

குப்பமும் நகரும்

அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்துக்குத் தெற்கே, பிரம்மஞான சபையின் தோப்புக்கும் பெசன்ட் நகருக்கும் அருகே, மணற்கரையை ஒட்டியிருப்பது இந்த மீனவர் குடியிருப்பு. 1875-ல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட், 1882-ல் சபையின் தலைமையிடத்தை அடையாற்றுக்குக் கொணர்ந்தார். தாழ்த்தப்பட்டோர் குழந்தைகளுக்காக 1894-ல் பள்ளி தொடங்கினார். அவர் பெயரையே குப்பம் தாங்கி நிற்கின்றது. பிற்காலத்தில் எழுந்த பெசன்ட் நகர் அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரால் வழங்குகின்றது. 1976-ல் அஷ்டலக்ஷ்மி திருக்கோயில் அலைகளை நோக்கிக் குடமுழுக்குக் கண்டது. வேளாங்கண்ணி மாதா ஆலயமும் அக்கரையிலேயே உள்ளது. இவ்வாறு குடியிருப்பும், கோயிலும், உலாவிடமும், உணவுக்கடைகளும் பெருகப் பெருக, மீனவர் தொழில் செய்யும் மணலே நகரத்தாரின் மாலைப்பொழுதுக்கும் முற்றமாயிற்று.

ஒரே மணலில் இரண்டு ஆண்டுகள் நடக்கின்றன. நகரத்தாரின் ஆண்டைப் பள்ளி விடுமுறையும் அலுவலக நாள்காட்டியும் வகுக்கின்றன. குப்பத்தாரின் ஆண்டை வாடையும் கொண்டலும் கச்சானும் நீரோட்டமும் வகுக்கின்றன.

மார்கழியில் நகரம் திருப்பாவை ஓதியும் சங்கீதக் கச்சேரி கேட்டும் மகிழ்கின்றது. அதே மார்கழியில்தான், 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை எழுந்து சோழமண்டலக் கரையெங்கும் மீனவர்தம் உயிரையும் படகையும் வலையையும் வாரிச் சென்றது. தை பிறந்ததும் காணும் பொங்கலன்று நகரத்துக் குடும்பங்கள் திரளாகக் கடற்கரைக்கு வருகின்றன. அன்றிரவு அவர்கள் மீண்டபின் மணலில் எஞ்சும் இலைகளும் உறைகளும் புட்டிகளும், மறுநாள் காலையில் படகு இறக்குவோர் காலடியில் கிடக்கின்றன.

தை முதல் பங்குனி வரை, மீனவர் 'பங்குனி ஆமை' என வழங்கும் கடலாமைகள் இரவில் கரையேறி, மணலைக் குடைந்து நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டுச் செல்கின்றன. நாற்பத்தைந்து நாள்களுக்குப்பின் வெளிவரும் குஞ்சுகள் கடலின் மங்கிய ஒளியை நாடிச் செல்லும் இயல்புடையவை. நகர விளக்குகளின் ஒளி அவற்றைத் திசைமாற்றித் தெருவுக்கு இழுக்கின்றது. ஆகவே மாணவர் அமைப்பொன்று 1988 முதல் ஆண்டுதோறும் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைக் காத்து வருகின்றது. கூர்மாவதாரத்தைச் சேவிக்கும் நாம், அவ்வுருவம் கொண்ட உயிரும் நமக்கு முன்னரே இக்கரைக்கு வந்த விருந்து என்பதை எண்ண வேண்டும்.

சித்திரையும் வைகாசியும் நகரத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. மீன்களுக்கோ இனப்பெருக்கக் காலம். ஆகவே கீழைக் கரையில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்று 2001-ல் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்டது. 45 நாள்களாக இருந்த தடை 2017 முதல் ஜூன் 14 முடிய 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. சிறு நாட்டுப் படகுகளுக்கு இவ்விதி இல்லை. ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பர். ஆவணியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து வருவோர் சாலைகளை நிறைப்பர். ஐப்பசி கார்த்திகையில் புயலெச்சரிக்கை வந்துவிட்டால், நகரம் பள்ளி விடுமுறை உண்டா என்று வினவும். குப்பமோ படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருவர்க்குப் பொழுதுபோக்கு மற்றவர்க்குப் பிழைப்பு. ஒரே மணல் இரண்டுமாக இருக்கும்போது, எது எதற்கு வழிவிடவேண்டும் என்பதே நம் கேள்வி.

அழகு என்ற பெயரால்

இக்கேள்விக்கு வலிமை கொண்டு விடை கூற முற்பட்டதால் நேர்ந்த துயரத்தையும் சென்னை அறியும். 1985-ல் மெரினாவை அழகுபடுத்த வேண்டுமென்று மீனவரின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முனைந்தபோது பூசல் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். உலாவ வருவோர் கண்ணுக்கு வலை அழகற்றதாகத் தோன்றியது. அந்த வலையே ஒரு குடும்பத்தின் நெற்குதிர் என்பது தோன்றவில்லை. விருந்தினன் வீட்டுக்காரனை நோக்கி, 'உன் கலப்பை என் பார்வையை மறைக்கின்றது' என்று சொன்னால் எப்படியோ, அப்படியே அதுவும்.

பெருமாள் காட்டிய வழி

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டி வேறெங்கும் இல்லை. எம்பெருமானே நடந்து காட்டியிருக்கின்றான்.

இலங்கைக்குச் செல்லக் கடலைக் கடக்க வேண்டிய நிலையில் ஸ்ரீராமன் முதலில் அம்பைத் தொடவில்லை. திருப்புல்லாணியில் தருப்பைப் புல்லின்மேல் கிடந்து கடலரசனிடம் வழி வேண்டினான். நொடியில் கடலை வற்றச் செய்யும் ஆற்றலுடையவன், அனுமதி கேட்பதையே முறையாகக் கொண்டான். பின்னர்ச் சினந்தான் என்பது உண்மையே. ஆயினும் சினத்துக்கு முன் வேண்டுகோள் இருந்தது. வேண்டியபின் காத்திருத்தலும் இருந்தது. தர்ப்பசயனத் திருக்கோலத்தைச் சேவிப்போர் நினைவில் வைக்கத்தக்கது இதுவே.

கங்கைக் கரையில் குகன் அன்பு ததும்பத் தேனும் மீனும் கொணர்ந்து நின்றான் என்பர் கம்பர். தவவேடம் பூண்டிருந்த இராமன் அவற்றை உண்ணவில்லை. ஆயினும் முகம் சுளிக்கவும் இல்லை. அன்பினால் வந்தவை தூயவையே என்று மகிழ்ந்து ஏற்று, அந்த ஓடக்காரனைத் தன் உடன்பிறந்தாருள் ஒருவனாக்கிக் கொண்டான். திருமங்கையாழ்வாரும் திருவரங்கத்து அரவணையானைச் சரணடையும் ஒரு பதிகத்தைக் குகனுக்கு அருளிய வரலாற்றைச் சொல்லியே தொடங்குகின்றார். நாம் உண்ணாத உணவு ஒருவர் வீட்டில் சமைக்கப்படுவது, அவ்வீட்டை நாம் தாழ்வாக எண்ணுவதற்குக் காரணமாகாது என்பது இங்கே விளங்கவில்லையா? கருவாடு உலரும் மணலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் அடியார், குகன் சரிதத்தைப் படித்து என்ன பயன்?

திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளுகின்றார். பத்மினி நாச்சியார் மீனவர் குலத்தில் அவதரித்து அவரைக் கைப்பிடித்தாள் என்பது அத்தலத்து ஐதிகம். ஆகவே அவ்வூர் மீனவர் அவரை 'மாப்பிள்ளை' என்று உரிமையோடு அழைத்து வரவேற்கின்றனர். உலகனைத்துக்கும் உடையவன் அக்கரைக்கு உடைமையாளனாக வரவில்லை. பெண்கொடுத்த வீட்டுக்கு வரும் மருமகனாகவே வருகின்றான். மருமகனுக்கு எல்லாச் சிறப்பும் உண்டு. ஆனால் அவன் மாமனார் வீட்டைத் தன் விருப்பப்படி இடித்து மாற்றமாட்டான்.

ஓர் ஐயமும் விடையும்

இங்கே சிலர் வினவலாம்: 'கடற்கரை பொதுவிடம். எல்லாம் ஈசுவரனுடையது. அப்படியிருக்க ஒருவர் வீட்டுக்காரர், மற்றொருவர் விருந்தினர் என்ற பேதம் எதற்கு?'

எல்லாம் அவனுடையது என்பது நம் சித்தாந்தத்தின் உயிர்நிலை. ஆனால் அதிலிருந்து பெறப்படும் முடிவு வேறு. எதுவும் என்னுடையது அன்று என்றால், எதையும் என் விருப்பப்படி சிதைக்க எனக்கு உரிமையில்லை. திருக்கோயிலும் பொதுவிடமே, அதனால் அங்கே எச்சிலை எறிகின்றோமா? பொது என்பது ஆளில்லாத இடம் என்று பொருள்படாது. அனைவரும் கட்டுப்பட்டு நடக்கவேண்டிய இடம் என்றே பொருள்படும். மேலும், ஓரிடத்தில் காலங்காலமாக உழைத்து, அதன் காற்றையும் நீரையும் கற்று, அதன் சீற்றத்துக்கு உயிரையும் கொடுத்தவர்க்கு அங்கே முதன்மை உண்டு. கோயில் பொதுவாயினும் கைங்கர்யபரர்க்குரிய முறையை நாம் மதிப்பதில்லையா?

'அவர்கள் மட்டும் கரையைத் தூய்மையாக வைத்திருக்கின்றார்களா?' என்று மற்றொரு வினாவும் எழும். குப்பத்திலும் குறைகள் உண்டு. அறுந்த நைலான் வலையும் குப்பையே. ஆயினும் வீட்டுக்காரனின் குறை விருந்தினனின் கடமையை நீக்கிவிடாது. மேலும், மழை வெள்ளத்தோடு அடையாறு கழிமுகத்தில் கொணர்ந்து கொட்டும் நகரக் கழிவை நினைத்தால், யார் யாருடைய கரையை மாசுபடுத்துகின்றார் என்பது தெளிவாகும்.

குப்பத்தார் நாம் கண்டு இரங்குவதற்காகவோ வியப்பதற்காகவோ வைக்கப்பட்ட காட்சிப்பொருள் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. அவர்தம் பிள்ளைகளும் படிக்கின்றனர். நகரில் வேலைக்குச் செல்கின்றனர். 2015-ல் சங்கீத வித்துவான் டி. எம். கிருஷ்ணாவும், சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமனும், நண்பர்களும், ஊராரோடு சேர்ந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினர். கர்நாடக இசையும் பரதமும் அங்கே நாட்டார் கலைகளோடு ஒரே மேடையில் நிகழ்ந்தன. அதுபற்றிப் பலர் பலவாறு பேசினர். நம் கேள்விக்கு வேண்டுவது ஒன்றுதான்: சபா அரங்குக்குச் செல்லும்போது நேரத்துக்குச் சென்று, அமைதியாக அமர்ந்து, வீட்டார் காட்டிய இடத்தில் உட்காரும் நாகரிகம் நமக்குத் தெரியும். மீனவர் ஊருக்குச் செல்லும்போதும் அதே நாகரிகத்தைக் கொண்டுசெல்ல முடியும் என்பதை அவ்விழா மெய்ப்பித்தது.

யாத்திரிகர்க்கு ஒரு விண்ணப்பம்

எலியட்ஸ் கடற்கரையில் வெண்ணிற நினைவு வளைவு ஒன்று நிற்கின்றது. 1930 டிசம்பர் 30 அன்று பிறர் உயிரைக் காக்க உதவும்போது மூழ்கி மாண்ட ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டவரின் நினைவாக எழுந்தது அது. அன்னியனாக வந்த ஒருவன் இக்கரையில் விட்டுச் சென்றது தன் உயிரை. நாம் அத்துணைப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. உலரும் வலையை மிதியாது சுற்றிச் செல்லலாம். கரையேற்றிய படகின்மேல் ஏறி நின்று படம் பிடியாதிருக்கலாம். கொண்டுவந்த பொருளின் மிச்சத்தைத் திரும்ப எடுத்துச் செல்லலாம். மீன் விற்கும் அம்மையாரிடம் வழி கேட்கும்போது, நம் வீட்டு மூத்தவர்க்குரிய மரியாதையோடு கேட்கலாம். தீர்த்தமாடிய துணியையும் மாலையையும் அலையில் விடாதிருக்கலாம். இவற்றைக் குழந்தைகள் பார்க்கச் செய்வோமாயின், கோடைக்காலக் கடற்கரை உலாவே அவர்களுக்கு ஒரு தர்மபாடமாகிவிடும்.

பிரபத்தி செய்தவன் இவ்வுலகில் தன்னை உடையவனாக எண்ணான். அவன் திருவுள்ளத்தால் சிலகாலம் தங்க வந்தவனாகவே எண்ணுவான். அப்படிப்பார்த்தால் விருந்தினனின் அறம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. அடியாரின் வாழ்நாள் முழுவதற்கும் உரியது. அதைப் பழகுவதற்கு எம்பெருமான் நமக்கு அளித்த சிறு பள்ளிக்கூடமே இம்மணற்கரை.

கடல்வண்ணன் திருவருளால் ஊரூர் ஒல்காட் குப்பத்துப் படகுகள் நாளும் நலமாகக் கரை சேர்க! அக்கரைக்குச் செல்லும் நாமும் நல்ல விருந்தினராய்ச் சென்று மீள்வோமாக!