அரிசி மீனும் அரிக்கொம்பனும்

கடலைக் கண்ணால் காணாத அல்லிநகரத்துச் சிறுவனும் வெள்ளைச் சுறாவை அறிவான். 1975-இல் வெளிவந்த 'ஜாஸ்' என்னும் திரைப்படம் அம்மீனை உலகத்தார் நெஞ்சில் கொடுங்கூற்றாகப் பதித்துவிட்டது. படத்தில் வரும் சுறாவின் நீளம் 25 அடி. மெய்யான வெள்ளைச் சுறாவோ மிகப் பெரிதாக வளர்ந்தாலும் ஏறத்தாழ 20 அடிதான். எடை இரண்டு டன் அளவு. நம் மேகமலைக் காட்டில் உலவும் ஆண் யானை நான்கு டன்னை எளிதில் எட்டும். திமிங்கிலச் சுறா 40 அடியையும் கடந்து வளரும். மீனினத்தில் அதனினும் பெரியது இன்று வேறில்லை. நீலத் திமிங்கிலம் மீன் அன்று, பாலூட்டி. 100 அடி நீளத்தை நெருங்குவது.

இவற்றுள் மிகச் சிறியதாகிய வெள்ளைச் சுறாவையே மக்கள் மிகுதியும் அஞ்சுகின்றனர். திமிங்கிலச் சுறா மனிதரைத் தீண்டுவதில்லை. 2001 முதல் நம் நாட்டில் சட்டத்தின் காவலும் பெற்றுள்ளது. மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் நீரோடு வாங்கி வடிகட்டி உண்பதால் அதனைச் 'சாது' என்கின்றனர். ஒரு வாய் நீரில் எத்தனை உயிர்கள் மடிகின்றன என எண்ணுவோர் அச்சொல்லைச் சற்றுத் தயங்கியே வழங்குவர்.

உடலின் அளவைக் கொண்டு உயிரை அளக்கலாகாது என்பது நம் ஆகமங்கள் தெளிவுறக் கூறியதே. விளக்கொளி சிறு கலத்துள் சுருங்கியும் பேரறையுள் விரிந்தும் நிற்பதுபோல, உயிர் தான் எடுத்த உடலுக்கேற்ப அடங்கியும் பரந்தும் நிற்கும் என்று தத்துவார்த்த சூத்திரம் உணர்த்துகிறது. திமிங்கிலத்துள் இருப்பது பெரிய உயிரும் அன்று. எறும்புள் இருப்பது சிறிய உயிரும் அன்று. இதனைப் பலரும் எளிதில் ஒப்புவர். தீவினையையும் உடலின் அளவால் அளக்கலாகாது என்னும்போதுதான் தயக்கம் பிறக்கிறது.

சுயம்பூரமண சமுத்திரத்தில் 1000 யோசனை நீளமுள்ள மகாமச்சம் ஒன்று உண்டு என்பர். அது வாய் திறந்து உறங்குகையில் எண்ணற்ற மீன்கள் உட்புகுந்து வெளியேறும். அதன் காதினுள் அரிசி மணி அளவே உடைய சாலிசிக்த மச்சம் வாழும். அது பெரிய மீனின் சோம்பலை எண்ணிப் பொருமும். தனக்கு அத்தகைய உடல் வாய்த்திருப்பின் ஒன்றையும் தப்பவிடேன் எனக் கருதும். ஒரு மீனையும் கொல்லாத அந்த அரிசி மீன் பெருநரகம் எய்திற்று. குந்தகுந்தாசாரியர் தம் பாவபாகுடத்தில் இதனையே எண்ணத்தின் தூய்மையின்மைக்குச் சான்றாகச் சுட்டுகிறார்.

எண்ணியதற்கே நரகமா, இது நீதியோ என வினவுவார் உளர். வினா நியாயமானதே. ஆயினும் அந்த மீனைத் தடுத்தது எது? இரக்கமா? அன்று, உடலின் சிறுமை ஒன்றே. இயலாமையை அறமென்று கணக்கில் வைக்க இயலுமா? பெரிய மீனுக்கும் ஆகமம் விலக்களிக்கவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். 1000 யோசனைக்கும் ஓர் அரிசிக்கும் இடையே கதி வேறுபடவில்லை.

மனிதனுக்கு உடல் சிறிது, கருவிகளோ பெரிது. உலகெங்கும் சுறாக்களால் இறப்போர் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதரால் இறக்கும் சுறாக்களோ 8 கோடிக்கு அருகில் என ஆய்வாளர் கணிக்கின்றனர். சுறாத் துடுப்பு ஏற்றுமதியை இந்தியா 2015-இல் தடை செய்தது நன்று.

கடலை விட்டு நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். சின்னக்கானலில் அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்தமையால் அரிக்கொம்பன் எனப் பெயர் பெற்ற யானை, 2023 ஏப்ரல் இறுதியில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்டது. மே 27 அன்று அது கம்பம் நகருக்குள் புகுந்தது. தெருக்களில் மக்கள் சிதறி ஓடினர். 144 தடையுத்தரவு இடப்பட்டது. காயமுற்ற ஒருவர் பின்னர் உயிர் நீத்தார்.

இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நம் முன்னோர் நான்காக வகுத்தனர். வீட்டு வேலையிலும் தொழிலிலும் நேர்வன இரண்டு. தற்காப்பில் நேர்வது விரோதி ஹிம்சை. வேண்டுமென்றே கருதிச் செய்வது சங்கல்ப ஹிம்சை. இந்நான்கனுள் சிராவகன் அறவே விடவேண்டியது சங்கல்ப ஹிம்சையே. கம்பத்தில் யானையை எதிரே கண்டு நடுங்கியவரும், தோட்டத்தைக் காக்கத் தீப்பந்தம் ஏந்தி நின்றவரும் சினந்து ஏதேனும் கூறியிருப்பின் அதனை விரோதி ஹிம்சையின் பக்கமே வைத்து எண்ணலாம். அவர்களுக்கு அறம் உரைக்க நாம் துணியமாட்டோம்.

ஆனால் நாற்பது கிலோமீட்டர் தொலைவில், அல்லிநகரத்துத் தேநீர்க் கடைகளில், கைப்பேசியில் அக்காட்சியைக் கண்டவாறு, "சுட்டுத் தள்ளாமல் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?" என்ற பேச்சையும் அவ்வாரம் கேட்டோம். பேசியவர்க்கு யானையால் ஓர் இழப்பும் இல்லை. கையில் துப்பாக்கியும் இல்லை.

ஜூன் 5 அன்று அரிக்கொம்பன் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அதன் பின்னும் சில நாள் அந்தப் பேச்சு ஓயவில்லை.