காணாமையும் இன்மையும்

தேடியும் ஒரு பொருள் தென்படவில்லை என்றால், அது அங்கே இல்லை என்று முடிவு கட்டலாமா? இந்திய அளவையியல் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி இது. காணாமையே தனியொரு அளவை, அதாவது அறிவு பெறும் வழி, என்றார் 7ஆம் நூற்றாண்டு மீமாம்சை ஆசிரியர் குமாரில பட்டர். நியாய நூலார் அதை மறுத்தனர். வெறுந்தரையைக் காணும் கண்ணே குடத்தின் இன்மையையும் காண்கிறது என்பது அவர்கள் கட்சி. மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையும் அளவைகளின் வரிசையில் அபாவத்தை, அதாவது இன்மையை, சேர்த்திருக்கிறது. பூசல் எவ்வளவு இருந்தாலும் ஒரு நிபந்தனையை வாதிகள் பலரும் ஏற்றனர்: இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லத்தக்க பொருளின் காணாமையே அதன் இன்மைக்குச் சான்று. இதற்குத் தர்மகீர்த்தியின் பௌத்த மரபு பிசாசை எடுத்துக்காட்டியது. இயல்பிலேயே கண்ணுக்குப் புலப்படாதது என்று கொள்ளப்படும் ஒன்று, கண்ணில் படவில்லை என்பதால் இல்லாமல் போய்விடாது.

மாட்டுத் தொழுவத்தில் இந்த நிபந்தனை உயிர்ப் பிரச்சினையாகிறது. ஈ.கோலை ஓ157 என்ற நுண்ணுயிரி மனிதருக்கு நோய் தரும் என்பது 1982இல் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சி உண்டவர்களிடம் தெரியவந்தது. நூற்றுக்கும் குறைவான உயிரிகளே நோயைத் தந்துவிடும். குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழக்கலாம். 1996இல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் பரவிய நோயில் ஏறத்தாழ இருபது பேர் இறந்தனர். ஆனால் இதைச் சுமக்கும் மாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. அது மேய்கிறது, பால் தருகிறது. நோய்க்குறி எதுவும் தெரியாது. பெரும்பாலும் சாணத்தைச் சோதித்துத்தான் கண்டறிய வேண்டும்.

அந்தச் சோதனையோ பல இடங்களில் தவறக்கூடியது. கறவை மாடு ஒன்று நாளொன்றுக்கு 30 கிலோ அளவில் சாணமிடும்; ஆய்வகம் பார்ப்பது சில கிராம். இந்த உயிரி முக்கியமாகப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில், மலவாய்க்கு அருகே குடியேறுவதால், சாணத்தின் மேற்பரப்பில் மிகுதியாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கக்கூடும். வெளியேற்றமும் ஒரே சீராக நடப்பதில்லை. ஒரு வாரம் கோடிக்கணக்கில் வரும், அடுத்த வாரம் ஒன்றுமே தென்படாது, பிறகு மறுபடி வரும். ஆகவே சோதனையில் இல்லை என்று வந்த மாட்டைப் பற்றி மூன்று விதமாகச் சொல்லலாம்: அதனிடம் உயிரியே இல்லை, இருந்தும் அன்று வெளியேற்றவில்லை, வெளியேற்றியும் கைக்கு அகப்படவில்லை.

இம்மூன்றையும் பிரித்தறியவே கணித மாதிரிகள் தேவைப்படுகின்றன. ரஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவின் பெயரால் வழங்கும் முறையில், மாட்டின் உண்மை நிலை மறைந்திருப்பதாகவும், சோதனை முடிவு அதன் பழுதுள்ள அறிகுறி என்றும் கொள்ளப்படுகிறது. ஒரே மாட்டின் சாணத்தை வாரந்தோறும் சோதித்து, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு அது மாறும் வாய்ப்பும், சோதனை தவறும் வாய்ப்பும் சேர்த்து மதிப்பிடப்படுகின்றன. உயிரி இருக்கும்போது ஒரு சோதனை அதைப் பிடிக்கும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை தேடினால் மூன்றிலும் தப்புவது 6.4 விழுக்காடுதான். ஆறுதலான கணக்கு, ஆனால் சோதனைகள் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் இது செல்லும். நேற்று வெளியேற்றம் நின்றிருந்த மாட்டுக்கு இன்றும் நின்றிருக்கலாம். அடுத்தடுத்த நாள் சோதனைகள் இரண்டும் ஒரே சாட்சி இருமுறை சொன்னதற்கு ஒப்பு. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்ற அந்தப் பழைய நிபந்தனை எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது என்பதை இம்மாதிரிகள் எண்ணால் சொல்ல முயல்கின்றன. அவற்றின் மெய்யான பெறுமானம் இதுவே.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. ஸ்காட்லாந்துப் பண்ணைகளின் தரவை மாதிரிகளில் இட்டபோது, ஏறத்தாழ 20 விழுக்காடு மாடுகளே 80 விழுக்காடு பரவலுக்குக் காரணம் என்று தெரிந்தது. கிராமுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் உயிரிகளை வெளியேற்றும் மாட்டை மிகைவெளியேற்றி என்பது வழக்கம். அது அந்த மாட்டின் குணமா, எந்த மாடும் சில நாள் கடந்துபோகும் நிலையா? குணமென்றால் அதை மந்தையிலிருந்து நீக்கினால் தீரும். நிலையென்றால், நீக்கிய மறுவாரமே இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். ஒரு விலங்கு வீணாகக் கொல்லப்பட்டிருக்கும். ஒரு நாள் சோதனையை வைத்து ஒரு விலங்கின் இயல்பைத் தீர்ப்பது அறிவுக் குற்றம் மட்டுமன்று, அநீதியும்கூட. தொடர் சோதனை இன்றி இதற்கு விடை கிடையாது.

பண்ணைக்குச் சான்றிதழ் தருவோர் நுண்ணுயிரி இல்லை என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில், எந்த முறையால் தேடியும் காணப்படவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.