விதையும் காம்பும்

புதினாவை விதை போட்டு வளர்க்கிறவனை யாரும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள். கோயம்பேட்டிலிருந்து எங்கள் அம்பத்தூர்க் கடைகளுக்கு வரும் கட்டில் இலையைத் துவையலுக்குக் கிள்ளிக்கொண்டு, மிஞ்சிய காம்பைத் தண்ணீரில் போட்டுவைத்தால் பத்து நாளில் வேர் விடும். தொட்டியில் ஊன்றிவிட்டால் விஷயம் தீர்ந்தது. என் தாயார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் புதினா அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது.

போன மார்கழியில் என் மகள் ஒரு விதைப் பொட்டலம் வாங்கி வந்தாள்.

"காம்பு சும்மா கிடைக்கும்போது காசு கொடுத்து விதை எதுக்கு?" என்றேன்.

"என்ன வருதுன்னு பார்க்கலாமே, அப்பா!"

புதினா விதை கடுகைவிடச் சிறியது, ஊதினால் பறந்துவிடும். ஆழப் புதைத்தால் முளைக்காது, வெளிச்சம் வேண்டும். அவள் மண்ணையும் மட்கிய எருவையும் சலித்துக் கலந்து நனைத்து, விதையை மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினாள். குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும் என்று விரலால் தண்ணீர் தெளித்தாள். இரண்டு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன.

பங்குனியில் இலைகளைக் கசக்கி முகர்ந்து பார்த்தேன். ஒரு செடியில் காரமான மணம். ஒன்றில் மெல்லிய மணம். இன்னொன்றில் மணமே இல்லை. "இதுவா புதினா?" என்று சிரித்தாள் என் மனைவி.

விதை ஒன்று போட்டால் செடி ஒன்று முளைக்குமா என்று கேட்பது நம் வழக்கம். புதினாவில் கொஞ்சம் முளைக்கத்தான் செய்கிறது. ஒரு வகையின் மகரந்தம் இன்னொரு வகையோடு எளிதில் கலந்துவிடும். ஆகவே தாயின் மணம் விதையில் அப்படியே வரும் என்ற உறுதி இல்லை. காம்பிலோ சந்தேகத்துக்கே இடமில்லை. அது தாயின் பிள்ளை அல்ல, தாயேதான்.

ஆனால் அந்த உறுதிக்கும் ஒரு விலை உண்டு. மிட்டாய்க்கும் பற்பசைக்கும் எண்ணெய் தரும் மிளகுப் புதினா ஒரு கலப்பினம். அதற்கு முளைக்கும் விதையே கிடையாது. இங்கிலாந்தின் மிட்சம் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய வகையைக் காம்பாகவும் வேராகவும் நட்டே அமெரிக்க வயல்களில் பெருக்கினார்கள். வாடல் நோய் வந்தபோது எல்லாச் செடிக்கும் ஒரே கதி. பிறகு கதிர்வீச்சுப் பாய்ச்சி, 1970களில்தான் ஓரளவு நோய் தாங்கும் செடியைப் பெற முடிந்தது.

இதையெல்லாம் நான் யோசித்ததற்குக் காரணம் உண்டு. என் மகளை வங்கி வேலைக்குத் தோதான படிப்புப் படிக்கச் சொன்னேன். அவள் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். "நம்ம வீட்டில் யாரும் இந்த வேலைக்குப் போனதில்லையே!" என்று சத்தம் போட்டேன். மூன்று தலைமுறையாகக் கணக்கு எழுதிப் பிழைத்த குடும்பத்தில் கதை எழுதப் புறப்பட்ட என்னிடம் என் தகப்பனார் சொன்ன அதே வாக்கியம். அன்று அது எனக்கு எவ்வளவு வலித்தது என்பதை எப்படியோ மறந்துவிட்டேன். பெற்றது விதையை; கேட்பது காம்பை. இது என்ன நியாயம்?

எங்களுக்குப் பக்கத்துப் பூவிருந்தவல்லியில் பிறந்தவர் திருக்கச்சிநம்பி. வணிகர் குலம். தகப்பனார் கொடுத்த பொருளை வியாபாரத்தில் பெருக்காமல் பூந்தோட்டம் வைத்து, காஞ்சி வரதருக்குப் பூ சுமந்தார் என்பார்கள். அந்தத் தகப்பனாருக்கு அது நஷ்டக் கணக்குத்தான். பின்னாளில் ராமானுஜரே அவரைக் குருவாகக் கருதினார். ஆனால் எல்லாப் பிள்ளையும் திருக்கச்சிநம்பி ஆகிவிடுவதில்லை. ஆகாவிட்டால் மட்டும் தகப்பன் கோபம் நியாயமாகிவிடுமா?

மண்ணைச் சலிப்பதும் ஈரம் காயாமல் பார்ப்பதும் நம் பொறுப்பு. அதில் குறை வைத்தால் குற்றம் நம்முடையது. மணம் எப்படி இருக்க வேண்டும் என்பது நம் பொறுப்பில் இல்லை.

துவையலுக்கு இன்றும் காம்புச் செடிதான். மணமில்லாததைப் பிடுங்கிவிடலாம் என்கிறாள் மனைவி. எனக்கு மனம் வரவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அன்று அதற்கும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன், விரலால்.